கொப்பியில் இருப்பதெல்லாம் உங்களுடையதல்ல, அக்கா

சட்டச் சந்தேகம் கேட்டு வாசகர் எழுதும் கடிதங்களில், சட்டத்தரணியான நான் இந்தத் தடவை ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில் சொல்கிறேன். மூன்று நாளாக அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு புதுக்கடை நீதிமன்றத்துக்கும் வீட்டுக்குமாகத் திரிந்தேன். 14 பக்கம், நீல மைப் பேனை, ஒரு வெட்டும் திருத்தமும் இல்லாத கையெழுத்து. கூடவே கொப்பிகளில் இருந்து கொஞ்சம் போட்டோக்கொப்பி எடுத்தும் அனுப்பியிருந்தார். எழுதியவர் யாரென்று பிடிபடாமல் இருக்க சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 67. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் தனியாக இருக்கிறார். கணவர் இல்லை, ஒரே மகள் ரொறன்ரோவில். 1981 இல் கோட்டையில் ஓர் அரச திணைக்களத்தில் சிங்கள – தமிழ் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, 37 வருடம் அதே வேலையைச் செய்து, 2018 இல் ஓய்வுபெற்றார். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன அந்த மாதங்களில், டீவியும் இல்லை, ஃபேனும் இல்லை, சும்மா இருக்கப் பிடிக்காமல் விளக்கு வெளிச்சத்தில் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கியிருக்கிறார். இப்போது ஐந்து கொப்பி. படித்த புத்தகங்கள், கந்தோர்க் கதைகள், அப்புறம் அன்றாடம்: மீன்காரர், லிஃப்ட் பழுதான நாட்கள், காஸ் வரிசையில் சிநேகமான ஒரு பெண், இப்படி. இதைப் புத்தகமாகப் போட ஆசை.

போடலாமா என்று நாலு பேரிடம் கேட்டார், நாலு பேரும் நாலு சொன்னார்கள். பழைய சக ஊழியர் ஒருவர் "கந்தோர் விசயத்தை எழுதினால் பென்சனை வெட்டிவிடுவார்கள்" என்றாராம். மருமகன் முறையான ஒரு பையன், "மேலதிகாரியின் பெயரை மாத்திப்போட்டு முன்பக்கத்தில் யாவும் கற்பனை என்று போடுங்கோ மாமி, ஒருத்தரும் ஒண்டும் செய்ய ஏலாது" என்றிருக்கிறான். மகள், வாராவாரம் முகநூலில் போடுங்கள் என்கிறார். மாடியில் இருக்கும் இன்னொருவர், முகநூலில் போட்டால் உரிமை போய்விடும், முதலில் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் உங்களுக்கே அனுப்பி உடைக்காமல் வையுங்கள், அதுதான் அத்தாட்சி என்று சொல்ல, இவர் அதையும் செய்துவிட்டார். கொப்பிகள் இப்போது அலுமாரிக்குள், அரக்கு முத்திரையோடு.

கடைசியில் என்னைத் "தங்கச்சி" என்று விளித்து, "இதில் எனக்கு என்ன ஆபத்து வரும், உள்ளதைச் சொல்லும்" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா, உள்ளதையே சொல்கிறேன். நீங்கள் பயந்துகொண்டிருக்கிற இடத்தில் ஆபத்து அவ்வளவு இல்லை. ஆபத்து இருக்கிற இடம், நீங்கள் ஆசை ஆசையாக எழுதிய பக்கங்களில்.

சின்னப் பயங்களை முதலில் முடிப்போம். பென்சன்: ஒருவர் தன் கந்தோர் நினைவுகளை எழுதியதற்காகப் பென்சன் வெட்டப்பட்டதாக நான் இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் கேள்விப்பட்டதில்லை. ஊடகங்களுக்கு எழுதுவது, பேசுவது பற்றி அரச ஊழியருக்கான விதிகளைச் சொல்லும் தாபனக் கோவையில் இருக்கிற கட்டுப்பாடுகள் வேலையில் இருப்பவர்களுக்கு. ஓய்வுபெற்ற பிறகும் விடாமல் தொடர்வது 1955 ஆம் ஆண்டின் உத்தியோக இரகசியச் சட்டம், ஆனால் நீங்கள் எழுதியிருப்பது பாதுகாப்பு இரகசியமா என்ன? லீவுச் சுற்றுநிருபத்தில் "வழங்கப்படமாட்டாது" என்று வரவேண்டியது அச்சில் "வழங்கப்படும்" என்று போய், வடக்கில் ஒரு கந்தோரே ஒரு கிழமை லீவு எடுத்த கதைக்கு யாரும் இரகசியச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். (அதை ரயிலில் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன், பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இடம் பார்த்தார்.) ஒன்று மட்டும் கவனியுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த கார்பன் பிரதிகள் சில இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "இரகசியம்" என்ற முத்திரையோ, பெயர் குறிப்பிட்ட ஒரு ஊழியரின் விசாரணை விபரமோ உள்ள கடதாசி அதில் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், புத்தகத்தில் படமாகவும் போடவேண்டாம். அது திணைக்களத்தின் சொத்து, உங்கள் நினைவுதான் உங்கள் சொத்து.

பதிவுத் தபால் விசயம் ஊரெல்லாம் இருக்கிற ஒரு நம்பிக்கை. இலங்கையில் பதிப்புரிமையைப் பதிவுசெய்கிற முறையே கிடையாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, உங்கள் வாழ்நாளுக்கும் அதற்குப் பிறகு 70 வருடத்துக்கும் அது நிற்கும். பார்சலை உடைத்துக் கொப்பிகளை வெளியே எடுங்கள், வெள்ளவத்தைக் கடற்காற்றுக்குள் காற்றோட்டம் இல்லாத அலுமாரியில் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒவ்வொரு பக்கமாக போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டால் திகதியோடு அத்தாட்சியும் ஆச்சு.

நீங்கள் 37 வருடம் மொழிபெயர்த்த சுற்றுநிருபங்களில் உங்கள் பெயர் வரவில்லை, இப்போதாவது உரிமை கேட்கலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். கேட்க முடியாது அக்கா. சட்டம், நிர்வாக அறிவித்தல் போன்ற உத்தியோகபூர்வ எழுத்துகளுக்கும் அவற்றின் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்புகளுக்கும் பதிப்புரிமையே இல்லை என்று அதே சட்டம் சொல்கிறது. திணைக்களத்துக்காக நீங்கள் செய்த மற்றக் கையேடுகளின் பொருளாதார உரிமை, வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கு. இதைக் கேட்க உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். ஆனால் அதனால் ஒரு வசதியும் உண்டு: அந்தச் சுற்றுநிருபங்களை உங்கள் புத்தகத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துப் போட்டு, எந்தச் சொல்லுக்கு எத்தனை நாள் மண்டையை உடைத்தீர்கள் என்று எழுதலாம், ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

பிடித்த புத்தகங்கள், நீண்ட நீண்ட மேற்கோள்கள்

நீங்கள் அனுப்பிய போட்டோக்கொப்பியை எண்ணிப் பார்த்தேன். புத்தகங்கள் பற்றிய 32 பக்கத்தில் 13 பக்கம் மற்றவர்கள் எழுதியது. ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஒரு முழுச் சினிமாப் பாட்டு வேறு. "எழுதினவர்கள் எல்லாரும் செத்துப்போனவர்கள்தானே" என்கிறீர்கள். செத்துப்போனால் போதாது, செத்து எத்தனை வருடம் என்பதுதான் கணக்கு. பாரதியார் 1921, கல்கி 1954. இவர்களைப் பற்றிக் கவலையில்லை, நம் நாட்டுக் கணக்கிலும் இந்தியக் கணக்கிலும் காலம் முடிந்துவிட்டது. கண்ணதாசன் காலமானது 1981 இல், இந்தியாவின் 60 வருடக் கணக்கை வைத்தாலே 2041 வரைக்கும் அந்தப் பாட்டு வரிகளுக்கு உரித்தாளர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குப் பிடித்த சிங்கள நாவலின் ஒரு முழு அத்தியாயத்தை நீங்களே தமிழாக்கி மூன்றாவது கொப்பியில் எழுதியிருக்கிறீர்களே, மார்ட்டின் விக்கிரமசிங்க காலமானது 1976, ஆக 2046 வரை. மொழிபெயர்ப்பதும் அந்த உரிமைக்குள் அடங்கும். கொப்பிக்குள் வைத்து ரசிக்கலாம், அச்சுக்குப் போவதானால் உரிமை வைத்திருப்பவர்களின் அனுமதி வேண்டும். நீங்கள் செய்தது எவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பு என்பது இந்த இடத்தில் உதவாது, நல்லதாக இருந்தால்தான் இன்னும் பிரச்சினை.

அதற்காக ஒரு வரியும் எடுக்கக்கூடாது என்றில்லை. விமர்சனம், கருத்துரை, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதைச் சட்டம் அனுமதிக்கிறது. எவ்வளவு எடுத்தீர்கள், எதற்காக எடுத்தீர்கள், உங்கள் புத்தகத்தைப் படித்தவர் மூலப் புத்தகத்தை வாங்காமல் விடுவாரா, இதையெல்லாம் பார்ப்பார்கள். "பத்து வீதம் வரை எடுக்கலாம்" என்று அச்சகத்தில் யாராவது சொன்னால் நம்பவேண்டாம், சட்டத்தில் அப்படி ஒரு எண் இல்லை. இரண்டு மூன்று வரி, எழுதியவர் பெயர், நூலின் பெயர், பிறகு அதைப் பற்றி உங்கள் பேச்சு. இது பாதுகாப்பான அளவு. பாட்டு வரி என்றால் இன்னும் கவனம், முழுப் பாட்டே பத்துப் பன்னிரண்டு வரிதான்.

சட்டத்தரணியாக இல்லாமல், வாசகியாக ஒன்று சொல்லவா? அந்த 13 பக்கத்தையும் நான் தாண்டிப் போய்விட்டேன். அந்த நாவல்களை நானும் படித்திருக்கிறேன், அலுமாரியில் இருக்கிறது. எங்கே நின்றேன் தெரியுமா, வெள்ளவத்தையில் காலை ரயிலில் ஏறி, உப்புத் தண்ணி தெறிக்கும் என்று கடல் பக்க யன்னலைச் சாத்திவிட்டுப் படித்துக்கொண்டே போய், கோட்டையில் இறங்க மறந்து மருதானை வரைக்கும் போய், திரும்பி ஓடி வருவதற்குள் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்துவிட்ட அந்தக் காலை. எந்தப் புத்தகம் உங்களை மருதானைக்குக் கொண்டுபோனது என்பதை அரை வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அதுபோல அந்தச் சிங்கள நாவலில் ஒரு சொல்லுக்கு இன்றைக்கும் தமிழ் கிடைக்கவில்லை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறீர்கள், அந்தக் குறிப்பை விரித்து எழுதினால் அத்தியாயம் முழுவதையும் மொழிபெயர்த்துப் போடத் தேவையே இல்லை.

நண்பியின் கடிதங்கள்

அடுத்த மேசையில் இருந்து, பிறகு இடமாற்றம் கிடைத்துப் பதுளைக்குப் போன சிங்கள நண்பி, இருபது வருடமாக எழுதிய 60 சொச்சக் கடிதங்கள். புத்தகங்களை மாற்றி மாற்றிப் படித்து, கடிதத்தில் சண்டை பிடித்து, கடைசியில் 2019 இல் அவர் போய்விட்டார். அந்தக் கடிதங்களை அப்படியே மொழிபெயர்த்துப் பின்னிணைப்பாகப் போட நினைக்கிறீர்கள். "எனக்குத்தானே எழுதினாள், என்னுடையதுதானே" என்கிறீர்கள்.

கடதாசி உங்களுடையது. வைத்திருக்கலாம், கொடுக்கலாம், கிழிக்கலாம். அதில் எழுதியிருக்கிற எழுத்து எழுதினவருடையது, இப்போது அவருடைய வாரிசுகளுடையது, கணக்குப் பார்த்தால் 2089 முடியும் வரை. நீங்களும் நானும் போய் வெகுகாலத்துக்குப் பிறகு! முன்பு எங்கும் வெளிவராத எழுத்து என்பதால் உரிமை குறைந்துவிடாது, நீதிமன்றம் இன்னும் கவனமாகத்தான் பார்க்கும்.

நுகேகொடையில் இருக்கும் மகனுக்கு விருப்பமில்லை போல என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் அவரிடம் நேரே கேட்கவில்லை, யாரோ சொன்னதாகத்தான் இருக்கிறது. கேளுங்கள். போனில் வேண்டாம், கடிதமாக எழுதுங்கள், அவருடைய மொழியில் எழுத உங்களைவிட ஆள் ஏது. எந்தக் கடிதங்களில் இருந்து எந்தப் பந்திகள் என்று பிரதி இணைத்து, "இத்துடன் உள்ள பகுதிகளை எனது புத்தகத்தின் அச்சுப் பதிப்பிலும் இணையத்திலும் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடச் சம்மதம்" என்று ஒரு பந்தி எழுதி, கையெழுத்துக்கும் திகதிக்கும் இடம் விட்டு அனுப்புங்கள். நண்பியின் கணவர் இருந்தால் அவரும், மற்றப் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் கையெழுத்து வைக்கவேண்டும், ஒருவர் சம்மதம் போதாது. அனுப்ப முன் ஒரு வேலை: கணவரின் குடியைப் பற்றி அவர் அழுது எழுதிய மூன்று கடிதங்களைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். சட்டம் அங்கே என்ன சொல்கிறது என்று நான் விளக்கப் போவதில்லை. உங்கள் அம்மா எழுதிய அப்படி ஒரு கடிதம் இன்னொருவர் வீட்டு லாச்சியில் இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

மகன் முடியாது என்றால்? அப்போதும் அந்த நட்பை எழுதுவதை அவர் தடுக்க முடியாது. அவருடைய வசனங்களைத்தான் எடுக்க முடியாது. நீங்கள் கண்டது, உங்களுக்கு அவர் சொன்னது, எந்தப் புத்தகத்துக்காக இரண்டு மாதம் கதைக்காமல் இருந்தீர்கள் என்பது, இதெல்லாம் உங்கள் வாழ்க்கை.

அந்த மேலதிகாரி

உங்கள் பதவியுயர்வை நாலு வருடம் நிறுத்தி வைத்தவர், உங்கள் வேலையைத் தன் வேலை என்று அமைச்சுக்கு அனுப்பியவர். அந்த அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கே கோபம் வந்தது. ஆனால் மருமகனின் யோசனை உதவாது. பெயரை மாற்றினால் போதாது, தெரிந்தவர்கள் படித்து "ஓ, இது இவர்தான்" என்று கண்டுபிடித்தால் அடையாளம் காட்டியதாகவே கணக்கு. கோட்டையில் அந்தத் திணைக்களத்தில் தொண்ணூறுகளில் மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு ஒரேயொரு தலைவர்தான் இருந்திருப்பார், அவருக்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலென்ன. தன் வாழ்க்கை நினைவு என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே "யாவும் கற்பனை" என்று போடுவதை எந்த நீதிபதி நம்புவார்?

"நடந்தது உண்மை, உண்மையை எழுதினால் யார் வழக்குப் போடலாம்" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதுதான் உங்கள் கடிதத்திலேயே பெரிய பிழை, படித்தவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நம் நாட்டில் மானநட்ட வழக்கு, அதாவது அவதூறு வழக்கு, ஒல்லாந்தர் விட்டுப்போன உரோம-டச்சுச் சட்டத்தின் வழி வருகிறது. அங்கே உண்மை என்பது மட்டும் முழு எதிர்வாதம் ஆகாது, அதைச் சொல்வதில் பொது நன்மையும் இருந்ததென்று நீங்கள் காட்டவேண்டும். அரச கந்தோரில் பதவியுயர்வு எப்படித் தடுக்கப்பட்டது என்பதில் பொது நன்மை இருக்கிறதென்று நான் வாதாடுவேன். அவருக்கும் டைப்பிஸ்ட் பெண்ணுக்கும் இருந்ததாகச் சொல்லப்பட்ட தொடர்பில் என்ன பொது நன்மை? அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். அந்தப் பெண்ணும் எங்கோ இருப்பார், பேரப்பிள்ளைகளோடு.

ஆறுதலான பக்கமும் சொல்கிறேன். மானநட்டத்துக்கு ஜெயில் என்கிற சட்டம் 2002 இலேயே போய்விட்டது, இப்போது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு வழக்குத்தான், அதையும் இரண்டு வருடத்துக்குள் போட்டாகவேண்டும். இறந்தவருக்காகப் பொதுவாக மானநட்ட வழக்குப் போட முடியாது, ஆகவே அவர் இருக்கிறாரா இல்லையா என்று முதலில் விசாரியுங்கள், உங்களுக்கே தெரியாது என்கிறீர்களே. இருந்தால் முதலில் வருவது ஒரு கோரிக்கைக் கடிதமாகத்தான் இருக்கும், அதில் கேட்கிற நட்டஈட்டின் சைபர்களை எண்ணிப் பயப்படவேண்டாம், எண்ணுவதற்காகவே போடுகிற சைபர்கள் அவை. ஆனால் வழக்கென்று வந்தால் வருடக்கணக்கு. என்னிடம் வந்த ஒருவர் தன் புத்தகத்தில் இருந்த ஒரே ஒரு சொல்லுக்காக நாலு வருடம் தவணைக்குத் தவணை வந்து போனார், கடைசியில் வென்றார், வென்ற அன்று முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை.

எழுதும்போது நடந்ததை நடந்ததாக எழுதுங்கள்: எந்த வருடம் நேர்முகப் பரீட்சை, யாருக்குக் கடிதம் வந்தது, உங்களுக்கு எப்போது வந்தது. "கள்ளன்", "ஊழல்காரன்" என்ற சொற்களை எடுங்கள். அந்தச் சொற்கள் இல்லாமலேயே வாசகருக்கு விளங்கும், நீங்கள் அவரைப் பற்றி எழுதிய விதத்தில் அவர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த சாமிப் படங்களே போதும்.

83 ஜூலை

தமிழருக்கு எதிரான அந்தக் கலவரத்தைப் பற்றிய இந்தப் பகுதி நாலு பக்கம்தான். திங்கட்கிழமை 25 ஆம் திகதி கந்தோருக்குப் போனது, மத்தியானம் புகை, நண்பி தன் குடையையும் கைப்பையையும் உங்களிடம் தந்து தன் தங்கை என்று சொல்லிக் கூட்டிப்போனது, நாலு நாள் அவர்கள் வீட்டு அறையில், பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், லங்கா கல்யாணி கப்பலில் காங்கேசன்துறை. திரும்பி வந்தபோது வாடகை அறையில் ஒன்றும் இல்லை, உங்கள் புத்தகப் பெட்டி ஒழுங்கையில் எரிந்து கிடந்ததாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

இங்கே ஒரே ஓர் இடத்தில்தான் கை வைக்கச் சொல்வேன். வீட்டைக் காட்டிக் கொடுத்தவர் என்று ஒரு கடைக்காரரின் பெயரையும் தெருவையும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கண்ணால் காணவில்லை, அப்போது கப்பலில் இருந்தீர்கள், மற்றவர்கள் சொன்னதுதான். ஒருவர்மேல் குற்றம் சுமத்துகிற வசனம், கேள்விப்பட்டதை வைத்து, பெயரோடு: வழக்கில் இதைவிடப் பலவீனமான நிலை இல்லை. "இன்னார் காட்டிக்கொடுத்தார்" என்பதை எடுத்துவிட்டு, "யாரோ காட்டிக்கொடுத்ததாகச் சொன்னார்கள், அதற்குப் பிறகு அந்தக் கடையில் நான் சாமான் வாங்கவில்லை" என்று எழுதலாம், கடை எதுவென்று தெரியாத மாதிரி. காப்பாற்றியவர்கள் பெயரைப் போடச் சட்டத் தடை இல்லை. என்றாலும் அந்தக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், மகனுக்கு எழுதுகிற அதே கடிதத்தில்.

இனி, முகநூலா புத்தகமா. முகநூலில் போட்டால் உரிமை போகாது, உங்கள் எழுத்து உங்களுடையதுதான், காட்டுவதற்கான அனுமதியைத்தான் அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கிறீர்கள். ஆனால் எடுத்துத் தன் பெயரில் போடுபவர்களைத் துரத்திக்கொண்டிருக்க உங்களால் முடியாது. இன்னொன்று, 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபிறகு, உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றி இணையத்தில் எழுதுவதை முன்னைவிடக் கவனமாகச் செய்யவேண்டும். மீன்காரரையும் லிஃப்டையும் வாராவாரம் போடுங்கள், மேலதிகாரியை அச்சுக்கு வையுங்கள். அச்சு என்று முடிவானால் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு கொழும்பு 7 இல் இருக்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பிக்கவேண்டும், அச்சகத்தாருக்கு வழி தெரியும். அச்சகத்தோடு எத்தனை பிரதி, எவ்வளவு, பக்கம் அமைத்த கோப்பு யாரிடம் இருக்கும் என்பதை ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "எல்லா உரிமையும் பதிப்பாளருக்கு" என்ற வரி இருந்தால் வெட்டுங்கள். 1000 பிரதி அடித்தால் ஒன்றின் விலை குறையும் என்பார்கள், குறையும்தான், மிச்சம் 750 உங்கள் கட்டிலுக்குக் கீழே இருக்கும். 300 போதும். விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று என்வலப்போடு மேடைக்கு ஆட்களைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பது சட்டப் பிரச்சினை இல்லை, அதை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன்.

உங்களுக்குப் பிறகு இந்த உரிமையை யார் பார்ப்பது என்றும் எழுதி வைக்கலாம். மரண சாசனம் பிரசித்த நொத்தாரிசு ஒருவர் முன்னால் இரண்டு சாட்சிகளோடு செய்யலாம், நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளோடும் செய்யலாம். வீடு மகளுக்கு என்று எழுதும் அதே கடதாசியில் எழுத்துகளையும் சேர்த்து ஒரு வரி. புத்தகங்களைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கொடுக்க நினைத்தால் முதலில் பட்டியல் அனுப்பிக் கேளுங்கள், பெட்டியோடு போய் இறக்கிவிடாதீர்கள். ஈழத்து வெளியீடுகளில் அரிதானவை இருந்தால் அவற்றை இணையத்தில் சேமித்து வைக்கும் 'நூலகம்' நிறுவனத்தாரிடம் காட்டுங்கள், ஸ்கேன் செய்து எண்ணிமப்படுத்த விரும்பக்கூடும்.

கடைசியாக, கடிதத்தின் அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்த பின்குறிப்பு. 1983 ஜூலையில் ஒரு நூலகத்தில் எடுத்த நாவல் இன்னும் உங்களிடம் இருக்கிறது, அன்றைக்கு ரயிலில் படிக்கவென்று கைப்பையில் வைத்திருந்ததால் அது ஒன்றுதான் தப்பியது, 40 வருடம் தாண்டிவிட்டது, இதைப் பற்றி எழுதினால் அபராதம் கேட்பார்களா, களவு என்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். களவு என்பதற்குக் களவெடுக்கும் எண்ணம் வேண்டும், உங்களிடம் இருந்தது கப்பல் டிக்கெட். புத்தகம் இன்னமும் அவர்களுடையதுதான், ஆகவே ஒரு காலைப்பொழுது கொண்டுபோய் மேசையில் வைத்து நடந்ததைச் சொல்லுங்கள். அபராதம் கேட்டால் எனக்கு போன் எடுங்கள், நான் வருகிறேன், கட்டணம் இல்லை. கொடுக்க முன் உள்ளட்டையில் ஒட்டியிருக்கிற அந்தத் திகதிச் சீட்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பவேண்டிய திகதி 29 ஜூலை 1983 என்று கடைசி முத்திரை விழுந்திருக்கிறது என்கிறீர்களே, அதைப் புத்தகத்தில் போட ஒருவர் அனுமதியும் தேவையில்லை.